திக்கிய கை

"எல்லாமே பச்சையாத்தான் இருக்கு, மேடம். பிறகு எப்படி அந்தக் கல்யாணம் நின்னுது?"

உச்சிமாகாளி இதைக் கையால்தான் கேட்டார். வடிவுநாச்சியாருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.

ஐம்பது வயதுக்கு மேல் கற்ற சைகை. அவசரத்தில் ஒரு விரல் இடம் மாறி, 'கல்யாணம்' வேறென்னவோ ஆகிவிட்டது.

வடிவு சிரித்துவிட்டார். உச்சிமாகாளியைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

"மெதுவா, அண்ணாச்சி. கல்யாணத்தை நீங்களும் நிறுத்திடாதீங்க."

உச்சிமாகாளிக்குச் சிரிப்பு வரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு மாடிக் கட்டடம். காது கேளாதவர்களுக்காகப் போன் பேசித் தரும் மையம் அது. அழைப்பவர் தன் செல்போன் முன்னால் நின்று கையால் பேசுவார். மையத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதைத் திரையில் பார்த்து, மறுமுனையில் டாக்டரிடமோ வீட்டுக்காரரிடமோ குரலில் சொல்வார். வருகிற பதிலைக் கையால் திருப்பித் தருவார்.

மொழிபெயர்ப்பாளர்களின் மேஜைமேல் திரையும் கீபோர்டும் மட்டுமே உண்டு. கணினி அங்கே இல்லை. உள்ளே ஏசி அறையில் நிற்கும் பெரிய சர்வர்களைப் பலருக்குப் பங்கு போட்டு, ஆளுக்கொரு கணினி இருப்பதுபோல் காட்டும் ஏற்பாடு. மெய்நிகர் டெஸ்க்டாப் என்பார்கள்.

அந்த ஏற்பாட்டைக் கட்டியவர் வடிவு. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பவர் உச்சிமாகாளி. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை முடித்துக்கொண்டு இங்கே வந்தவர். சேர்ந்த அன்றே வடிவிடம் எழுதிக் காட்டினார்: "எனக்கு இது புதுசு. நீங்கதான் குரு."

வடிவு கீழே எழுதினார்: "அப்போ முதல் பாடம். எழுதாதீங்க. கையால பேசுங்க."

பேசக் கற்றார். வேலையும் கற்றார். சுவர் நிறைய ஒரு பெரிய டிவியை மாட்டினார். ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு மூச்சு வாங்குகிறது, எல்லாம் அதில் கோடும் கட்டமுமாக ஓடும். டாஷ்போர்டு. பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் பழுது.

பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்போதெல்லாம் உச்சிமாகாளி சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு பக்கத்தில் நிற்பார்.

இப்போது அந்த டிவி முழுக்கப் பச்சையாக இருந்தது.

கல்யாணம் நின்றுவிட்டது.

லிங்கதுரை பெங்களூரில் ஒரு பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்கிறவர். காது கேளாதவர். தென்காசியில் சொர்ணலதாவைப் பார்த்தார். அவரும் காது கேளாதவர். பல் கட்டும் கூடத்தில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

சொர்ணலதாவின் அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். மகளைப் படிக்கவைத்து, ஒரு வேலையில் உட்காரவைக்க அவர் ஏறாத படி இல்லை. மகளின் முதல் சம்பளச் சீட்டை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார் என்பார்கள்.

லிங்கதுரை மையத்தின் வழியாக அவரோடு பேசினார். மொழிபெயர்த்தவர் ரோஸ்லின்.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. நடுவில் லிங்கதுரை சொன்னார்: "கல்யாணத்துக்குப் பிறகு, அவங்க வேலை, நிறுத்துவது, வேண்டாம்."

சைகையில் மறுப்பு கடைசியில்தான் வரும்.

'நிறுத்துவது' என்ற இடத்தில் திரை உறைந்தது. ஒரு நொடி. இரண்டாகக்கூட இருக்காது. படம் மறுபடி அசைந்தபோது லிங்கதுரையின் கைகள் மார்பருகே ஓய்ந்திருந்தன. பேசி முடித்துவிட்டார் என்று ரோஸ்லின் நினைத்தாள்.

"கல்யாணத்துக்குப் பிறகு உங்க பொண்ணு வேலையை நிறுத்தணும்னு சொல்லுதாங்க."

மறுமுனை போனை வைத்துவிட்டது. சொர்ணலதா அன்றைக்கே லிங்கதுரையின் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

நடந்தது என்ன என்று புரிய லிங்கதுரைக்கு ஒரு நாள் ஆயிற்று. வீடியோவில் ஒரு புகார் அனுப்பினார். "என் கதையை உங்க மையத்துல எல்லாருக்கும் காட்டுங்க. அப்பவாவது சரி பண்ணுவீங்க."

ரோஸ்லின் அழுதாள். சொர்ணலதாவின் அப்பாவுக்குப் போன் செய்து, பிழை எங்களுடையது என்றாள்.

"நடுவுல நீ யாரும்மா?" என்றார் அவர். "அவன்தானே பேசினான். அவனே சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை காலையில ஒருக்க எடுப்பேன். அதுக்கு மேல தொந்தரவு பண்ணப்படாது."

அன்று புதன்கிழமை.

"திரையில கை திக்குது, திக்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன், அண்ணாச்சி?" என்று ரோஸ்லின் உச்சிமாகாளியிடம் கேட்டாள்.

அவர் டிவியைக் காட்டினார். அது பச்சையாக இருந்தது.

அதனால்தான் வடிவிடம் வந்தார்.

"இதுவும் பொய் சொல்லலை. ரோஸ்லினும் பொய் சொல்ல மாட்டா. நான் யாரை நம்ப?"

வடிவு மேஜையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு உச்சிமாகாளிக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திச் சைகை செய்தார்.

"அண்ணாச்சி. நாளை. வேலை. நீக்கம்."

சட்டென்று ஃபைலைக் கைக்கு முன்னால் பிடித்தார். அதன் பின்னால் கை என்னவோ காட்டியது. ஃபைலை இறக்கினார். கைகள் ஓய்ந்திருந்தன.

உச்சிமாகாளியின் முகம் வெளுத்தது.

"என்னை வேலையை விட்டு எடுக்காங்களா? ஒரு கல்யாணத்துக்காகவா? மேடம், வீட்டுல நான் என்ன சொல்லுவேன்?"

வடிவு ஃபைலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி காட்டினார்.

"அண்ணாச்சி. நாளை. வேலை. நீக்கம். இல்லை."

உச்சிமாகாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை சொல் காட்டினேன்?"

"அஞ்சு."

"முதல் தடவை எத்தனை பாத்தீங்க?"

"நாலு."

"அஞ்சுக்கு நாலு. உங்க டிவியில அது என்ன நிறம்?"

உச்சிமாகாளி திரும்பி டிவியைப் பார்த்தார்.

"பச்சை."

அவருடைய டாஷ்போர்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை டெஸ்க்டாப்புகளைக் கேட்டு, சராசரி போட்டுக் காட்டும். அந்தச் சராசரியில் ஒரு நொடி உறைந்தது கரைந்து காணாமல் போய்விடும்.

அன்று மத்தியானமே அதை மாற்றினார். ஐந்து நிமிஷம் இல்லை, நொடிக்கு நொடி. ஒன்றிரண்டு விவரம் இல்லை, கிடைப்பதெல்லாம்.

டிவி கொதித்தது. பச்சைக் காட்டுக்குள் சிவப்புப் புள்ளிகள் துள்ளின. தூண்டிலில் மீன் சிக்கினதுபோல் உச்சிமாகாளி எழுந்து நின்று கை தட்டினார். சத்தம் கேட்டு ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள்.

"மாட்டிக்கிட்டுல்லா! திக்குறது தெரியுது பாரு!"

"தெரிஞ்சா சரி" என்று ரோஸ்லின் போனாள்.

மறுநாள் காலை திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, என்ன பண்ணுனீங்க? நேத்து வரைக்கும் எப்பவாவது கை திக்கும். இன்னைக்கு மூஞ்சியும் சேந்து திக்குது. ஒருத்தர் தும்முனாரு. பாதித் தும்மலோட நிக்காரு!"

உச்சிமாகாளி இன்னும் சில கட்டங்களைச் சேர்த்தார். எந்த டெஸ்க்டாப்பில் எந்த வேலை எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்பதுவரை கேட்டார். எல்லாம் தெரிந்தது. எதுவும் சரியாகவில்லை.

வெள்ளிக்கிழமை டிவியில் பச்சையைத் தேட வேண்டியிருந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் வடிவைப் பிடித்தார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"முன்னால எதுவும் தெரியலை. இப்போ எல்லாமே தெரியுது. தெரியத் தெரிய மோசமா போகுது. ஏன்?"

"முதல்ல சாப்பிடுங்க" என்றார் வடிவு.

தேங்காய்ப்பால் சொதிச் சாதம். பக்கத்தில் இஞ்சித் துவையல். உச்சிமாகாளிக்கு அது உயிர். பிசைந்து முதல் கவளத்தை உருட்டினார்.

வடிவு அவர் தோளைத் தட்டினார்.

"சாப்பாடு எப்படி இருக்கு?"

கவளத்தைக் கீழே வைத்து, விரல்களை உதறி, "நல்லா இருக்கு" என்று காட்டினார். மறுபடி கவளத்தை எடுத்தார்.

தோளில் தட்டு.

"உப்பு?"

கீழே வைத்தார். "சரியா இருக்கு."

எடுத்தார். தட்டு.

"துவையல் எவ்வளவு மிச்சம்?"

கீழே வைத்தார். காட்டினார். எடுத்தார். தட்டு.

"எத்தனை வாய் சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுகூட இல்லை!" என்று காட்டிய வேகத்தில் சொதி தெறித்து வடிவின் கண்ணாடியில் விழுந்தது.

வடிவு துடைக்கவில்லை. தோளைத் தட்டினார்.

"சாப்பாடு எப்படி இருக்கு?"

"ஆறிப்போச்சு! பதில் சொல்லதுக்கும் இந்தக் கை, திங்கதுக்கும் இந்தக் கை. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா நான் எப்பத் திங்க? டப்பாவைப் பாத்தாலே தெரியுமே, என்னைக் கேக்கணுமா?"

அவர் கை அந்தரத்தில் நின்றது.

வடிவு கண்ணாடியைக் கழற்றி, மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார்.

உச்சிமாகாளி கை கழுவாமல் ஓடினார்.

டாஷ்போர்டுக்காக டெஸ்க்டாப்புகளைக் கேள்வி கேட்கும் சின்ன நிரலை நிறுத்தினார். கீபோர்டு முழுக்கச் சொதி. பிறகு ரோஸ்லினின் அறைக் கதவருகே போய் நின்றார்.

கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள்.

"கை தண்ணியா ஓடுது, அண்ணாச்சி! என்ன செஞ்சீங்க?"

"கேக்கிறதை நிறுத்துனேன்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டிருந்தது. நொடிக்கு நொடி கேட்டது மட்டும் இல்லை. அதற்கு முன்னும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, எல்லா டெஸ்க்டாப்பையும் ஒரே நொடியில், கையில் இருந்ததை வைத்துவிட்டுப் பதில் சொல்ல வைத்தது அவருடைய நிரல்தான். அந்த நொடிதான் உறைந்தது.

லிங்கதுரையின் 'வேண்டாம்' அந்த நொடியில்தான் போயிற்று.

அவர் போய் டிவியை அணைத்தார். சுவர் கறுத்தது.

சனிக்கிழமை காலை வடிவு வந்தபோதும் அது கறுப்பாகவே இருந்தது. உச்சிமாகாளி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"டிவியைப் போடலையா?"

"போட மாட்டேன், மேடம். நான் பாத்த பார்வைதான் அந்தப் பையன் கல்யாணத்தை நிறுத்துச்சு. இனிமே எதையும் பாக்கப் போறதில்லை. அது பாட்டுக்கு ஓடட்டும்."

வடிவு அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"மேடம்?"

குரலில் கேட்டுவிட்டு, அது பயனில்லை என்று கையால் கேட்டார். அதற்கும் பயனில்லை. வடிவின் கண்கள் மூடியே இருந்தன.

காத்திருந்தார். மன்னிப்புக் கேட்டார். வராத கோபத்தை வரவழைத்துக்கூடக் காட்டிப் பார்த்தார். எல்லாம் காற்றில் போயிற்று. முகத்துக்கு முன்னால் இருக்கிறவர் பெங்களூரைவிடத் தூரத்தில் இருந்தார்.

கடைசியில் ஒரு விரலால், மிக லேசாக, அவர் புறங்கையைத் தொட்டார்.

வடிவு கண்ணைத் திறந்தார்.

"இவ்வளவு மெதுவா தொடத் தெரியுமா உங்களுக்கு?"

உச்சிமாகாளி எழுந்துபோய் டிவியைப் போட்டார்.

அன்றைக்கு முழுதும் இருவரும் டாஷ்போர்டைப் பிரித்துப் போட்டார்கள். வடிவு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து ஒரே கேள்வி கேட்டார்.

"இது மாறினா என்ன செய்வீங்க?"

"குறிச்சு வச்சுக்கிடுவேன்."

அழித்தார்.

"இது?"

"இது... பாக்க அழகா இருக்கும், மேடம்."

வடிவு அதையும் அழித்தார். போட்டோவில் எப்போதும் உச்சிமாகாளிக்குப் பின்னால் விழும் கட்டம் அது.

"இது?"

திரையில் படம் நொடிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்று காட்டும் கோடு. அதற்கு டெஸ்க்டாப்பைக் கேட்கவே வேண்டாம். படத்தை அனுப்பும் சர்வருக்கே அது தெரியும்.

"இது விழுந்தா எந்திரிச்சு ஓடுவேன்."

வடிவு விரலை எடுத்தார். கோடு தங்கியது.

சாயங்காலம் மிஞ்சியவை ஒரு கை விரலுக்குள் அடங்கின. டெஸ்க்டாப்பைக் கேட்டே ஆக வேண்டிய ஒன்றிரண்டையும், ஒன்றைக் கேட்டு முடித்த பிறகு அடுத்தது என்று, அதுவும் அது சும்மா இருக்கும் சமயம் பார்த்துக் கேட்கும்படி மாற்றினார்கள். பெரிய டிவியின் ஒரு மூலை மட்டும் மினுங்கியது. மீதி வெறும் சுவர் மாதிரி இருந்தது.

"இதுக்கு முன்னால யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க" என்றார் உச்சிமாகாளி.

"எடுக்க மாட்டாங்க" என்றார் வடிவு, மகிழ்ச்சியாக.

ஞாயிற்றுக்கிழமை.

ரோஸ்லின் தலை குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். "பொண்ணு கேக்கப் போறேன்லா" என்றாள். கண்ணாடித் தடுப்புக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

வடிவும் உச்சிமாகாளியும் வெளியே நின்றார்கள். அங்கிருந்து ரோஸ்லினின் முதுகு மட்டும் தெரியும். திரை தெரியாது. ரோஸ்லினின் கை ஏறும், இறங்கும், நிற்கும்.

உச்சிமாகாளி டிவியைப் பார்த்தார். அவளுடைய கோடு மேலே, சமமாக ஓடியது. கண்ணாடியைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார்.

"எடுத்துட்டாரா? பேசுதாரா? என்ன சொல்லுதாரு, மேடம்?"

"எனக்கும் முதுகுதான் தெரியுது, அண்ணாச்சி."

ரோஸ்லினின் கை வேகமாக ஏதோ காட்டியது. பிறகு நின்றது. காத்திருக்கும் கை. மறுபடி காட்டியது, இம்முறை சின்னதாக.

கோடு விழுந்தது.

கொஞ்சமாக இல்லை. அடிமட்டத்துக்கு விழுந்து, தரையோடு தரையாகக் கிடந்தது. கட்டம் சிவந்தது.

"ஐயோ!"

உச்சிமாகாளி ஓடினார். கதவைத் தள்ளினார்.

"நின்னுட்டா? படம் நின்னுட்டா? எந்தச் சொல்லுல நின்னுது, ரோஸ்லின்?"

ரோஸ்லின் திரும்பினாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. முகமெல்லாம் கண்ணீர். அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படம் நிக்கலை, அண்ணாச்சி. ஆளு ஓடிட்டாரு. நாற்காலி மட்டும்தான் இருக்கு."

"எதுக்கு ஓடணும்?"

"மாமனாரு கல்யாணத்துக்குத் தேதி கேட்டாரு. காலண்டர் எடுக்க ஓடிருக்காரு."

உச்சிமாகாளி திரையை எட்டிப் பார்த்தார். பெங்களூரில் ஒரு பேக்கரியின் பின்கட்டு. காலி நாற்காலி. அதன் பின்னால் அலமாரியில் பாதி ரோஜா வைத்த ஒரு கேக். எதுவும் அசையவில்லை. மாற ஒன்றும் இல்லாததால்தான் கோடு விழுந்திருந்தது.

அவர் வெளியே வந்தார். திறந்த கதவுவழியே வடிவும் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டார் என்று அவர் முகம் சொன்னது.

டிவியில் சிவப்பு மினுங்கிக்கொண்டிருந்தது. அதை அணைக்க உச்சிமாகாளி கையை நீட்டினார்.

வடிவு அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருக்கட்டும்" என்று மறு கையால் காட்டினார். "கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருப்போம்."